போபோடியில் ஒரு படித்துறை

"இந்தப் படித்துறை எங்க இருக்கு?"

சித்னிஸ் மேடம் சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றாமலே அந்த வரியின் மேல் வைத்துத் தட்டினார். கேட்டது ஹிந்தியில். கிருஷ்ணப்ரியாவுக்கு ஹிந்தி நன்றாகவே வரும். குரல்தான் எந்த மொழியிலும் வராது.

"போபோடியில, மேடம்."

"நீ எங்க குடியிருக்கே?"

"போபோடி."

"அப்ப பார்த்திருப்பே. எப்படி இருக்கும், சொல்லு."

கிருஷ்ணப்ரியா மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருந்த பழைய காலண்டர் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஆசிரியர் அறையில் வேறு இரண்டு டீச்சர்கள் டப்பாவைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களும் மெல்லுவதை நிறுத்திவிட்டுத் தன்னையே பார்க்கிறார்கள் என்று அவளுக்குத் தோன்றியது. உண்மையில் அவர்கள் பார்க்கவே இல்லை.

"தெரியலை, மேடம்."

"எப்படித் தெரியும்? அது கிடையவே கிடையாது!" மேடம் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். முகத்தில் கோபமே இல்லை, மீன் மாட்டிய சந்தோஷம்தான் இருந்தது. "அந்த வரியை நெட்டுல எழுதினதே நான்தான்."

இப்படித்தான் அந்தக் குழப்பம் ஆரம்பித்தது. ஆனால் அதற்கு முன்னால் நடந்ததையும் சொல்ல வேண்டும்.

கிருஷ்ணப்ரியா ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டவள். விட்டதற்குப் பெரிய காரணம் எதுவும் கிடையாது. அம்மா விசாலத்துக்கு ஆபரேஷன் ஆனபோது சமையலுக்கு ஆள் இல்லையென்று வீட்டில் இருந்தாள். அம்மா எழுந்து நடமாடத் தொடங்கிய பிறகும் இருந்துவிட்டாள். வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் எழுத்துகள் கண்ணுக்குத் தெரியும், வாய் திறக்காது. பின்பெஞ்சிலிருந்து சிரிப்பு வரும். வீட்டில் அந்தத் தொல்லை இல்லை. நிம்மதியாக இருந்தது, பிறகு அதுவே பழகிவிட்டது.

அப்பா ராமநாதன் பூனாவில், கட்கி ஃபேக்டரியில் வேலை பார்ப்பவர். அங்கே கேன்டீனில் யாரோ 'ஸத்ரா நம்பர்' பற்றிச் சொல்லியிருக்கிறார்கள். பள்ளிக்குப் போகாதவர்கள் பதினேழாம் நம்பர் படிவத்தைக் கொடுத்துவிட்டு நேராகப் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதலாம். "ஒரு தடவை எழுதிப் பாரும்மா, எழுந்து நின்னு வாசிக்கச் சொல்ல மாட்டாங்க" என்றார் அப்பா. அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவள் சம்மதித்தாள். படிவம் கொடுத்தது கட்கி பக்கத்து ஆங்கிலப் பள்ளி ஒன்றில். வகுப்புக்குப் போக வேண்டாம். ஆனால் சுற்றுச்சூழல் ப்ராஜெக்ட் ஒன்று கையால் எழுதிக் கொடுக்க வேண்டும். அதில் சித்னிஸ் மேடம் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினால்தான் ஹால் டிக்கெட். முத்திரை இல்லையென்றால் இந்த வருஷம் பரீட்சையும் இல்லை.

இரண்டாவது தடவை இதையெல்லாம் தொடங்க மாட்டோம் என்பது கிருஷ்ணப்ரியாவுக்குத் தெரியும். ஒரு தடவை வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டவள் அவள். மறுபடியும் சாத்தினால் திறக்க மாட்டாள்.

வீட்டுக்குப் பின்னால் ஓடுகிற முளா ஆற்றைப் பற்றி எழுதுவது என்று முடிவு செய்தாள். எதைப் பார்த்து எழுதுவது? நகர நூலகத்தில் பள்ளியின் போனஃபைடு சர்டிஃபிகேட் கேட்டார்கள். பள்ளி ஆபீசில் போய்க் கேட்டால், "நீ எங்க ஸ்டூடன்ட் இல்லையேம்மா, ஸத்ரா நம்பருக்கெல்லாம் போனஃபைடு கிடையாது" என்று கிளார்க் பாவப்பட்டுச் சொன்னார். மாணவி என்று எங்கேயும் எழுதியிராத மாணவிக்குப் புத்தகம் கொடுக்க ஆள் இல்லை. கடைசியில் கட்கி பஜாரில் சேவியர் வைத்திருந்த நெட் சென்டருக்குப் போனாள். அங்கே போனஃபைடு கேட்கவில்லை.

சேவியரின் குடும்பம் மூன்று தலைமுறையாகக் கட்கியில். தமிழில் தொடங்கிய வாக்கியம் முடியும்போது எந்த மொழியில் இருக்கும் என்று அவருக்கே தெரியாது. "யார் வேணாலும் படிக்கலாம், யார் வேணாலும் எழுதலாம், ஏக்தம் ஃப்ரீ" என்று சொல்லி அவர்தான் அந்த இணையக் கலைக்களஞ்சியத்தைத் திறந்து கொடுத்தார். யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்பது மட்டும்தான் கிருஷ்ணப்ரியாவின் காதில் விழுந்தது. அதைக் கேட்டு அவளுக்குக் கண்ணில் நீர் வராத குறை.

போபோடிக்கென்று தனியாக ஒரு பக்கமே இருந்தது. தன் சந்துக்குப் பக்கத்துச் சாலைப் பெயரைக் கணினித் திரையில் பார்த்ததும் யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டது போல் இருந்தது. அதில் ஆற்றைப் பற்றிய பத்தியின் கடைசியில் ஆங்கிலத்தில் ஒரு வரி: ஆற்றங்கரையில், பிரிட்டிஷ் படையின் குதிரைகளைக் குளிப்பாட்டக் கட்டிய கருங்கல் படித்துறை ஒன்று உள்ளது, உள்ளூர் மக்கள் அதைக் கோடா காட், அதாவது குதிரைத் துறை, என்கிறார்கள்.

அவள் பிறந்ததிலிருந்து அந்தக் கரையைப் பார்க்கிறாள். எருமைக் கொட்டகை, டயர் எரிக்கிற இடம், கோயிலின் பின்சுவர், மழைக்காலம் போனால் தண்ணீரே தெரியாமல் மூடிக்கொள்கிற ஆகாயத்தாமரை. படித்துறை என்று எதையும் பார்த்ததில்லை. வேறு யாராவது இருந்தால், 'இது தப்பு' என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போயிருப்பார்கள். கிருஷ்ணப்ரியாவுக்கு அப்படித் தோன்றவில்லை. எழுதியவர் படித்தவர். பெரிய பெரிய விஷயமெல்லாம் எழுதியிருக்கிற இடம். ஒன்பதோடு நின்றவளின் கண்ணில் படவில்லையென்றால் ஒன்று இல்லாமல் போய்விடுமா? படாதது கண்ணின் குறை என்றுதான் நினைத்தாள்.

இருந்தாலும் போய்த் தேடினாள். செடியை விலக்கிப் பார்த்ததில் சேற்றோடு சேர்ந்து ஒரே ஒரு கறுப்புக் கல் இருந்தது. அதன் மேல் ஒரு அம்மாள் பாயை அடித்துத் துவைத்துக்கொண்டிருந்தாள். 'இது படித்துறையா?' என்று அவளிடம் கேட்க வாய் வரவில்லை. காலெல்லாம் சேறாகத் திரும்பி வந்தவளை வாசலில் கோவிந்தராஜ் பார்த்துவிட்டார்.

கோவிந்தராஜ் அதே ஃபேக்டரியில் ரிட்டையர் ஆனவர், பக்கத்து வீடு. தெரியாது என்ற சொல்லை அவர் வாயிலிருந்து சந்தில் யாரும் கேட்டதில்லை. வழி கேட்டால் ஒரு வழி சொல்லித்தான் அனுப்புவார். அது போகிற வழியா என்பது போனவர்களுக்குத்தான் தெரியும்.

"என்ன புள்ள, எருமை மேய்க்கப் போனியா?"

"இல்ல மாமா. ஆத்தங்கரையில குதிரை குளிப்பாட்டுற படித்துறை ஒண்ணு இருந்துச்சாமே?"

"இருந்துச்சாவா? நான் அதுல குளிச்சிருக்கேன்!"

"குதிரைகூடயா?" என்று உள்ளேயிருந்து விசாலம் கேட்டாள்.

"குதிரையெல்லாம் போனதுக்கப்புறம், தாயே. சும்மா வழுவழுன்னு இருக்கும் கல்லு. மேல எழும்பி வந்த வெள்ளத்துல எல்லாம் மண்ணுக்குள்ள போயிருச்சு."

கிருஷ்ணப்ரியாவுக்கு நிம்மதியாகிவிட்டது. கண் பார்க்காததைக் கணினி சொல்லிவிட்டது, கணினி சொன்னதைக் கோவிந்தராஜ் மாமா சொல்லிவிட்டார். அழகான கையெழுத்தில் படித்துறையை எழுதினாள். பக்கத்தில் ஒரு குதிரையும் வரைந்தாள். அது நாய் மாதிரி வந்திருந்தது.

அந்த நாய்க் குதிரையின் மேல்தான் இப்போது மேடத்தின் சிவப்புப் பேனா நின்றது.

"எல்லா வருஷமும் இதே கதை" என்றார் மேடம். "ப்ரின்ட் எடு, ஒட்டு, கொடு. இல்லேன்னா உன்னை மாதிரி கையால காப்பி அடி. எம்.எஸ்.சி.ஐ.டி கோர்ஸ் முடிச்சு நானும் கம்ப்யூட்டர் கத்துக்கிட்டேன். கணபதி லீவுல உட்கார்ந்து, இந்த ஏரியாவுக்கு ஒரு வரியைப் போட்டேன். யார் கண்ணை மூடிக்கிட்டு எழுதுறாங்கன்னு பாக்கலாம்னு. நீதான் முதல்ல மாட்டினே." பிறகு குரலைச் சற்று இறக்கினார். "புத்தகம்னா எழுதினவன் பேரு அட்டையில இருக்கும். தப்புன்னா போய் அவன் சட்டையைப் பிடிக்கலாம். இதுல யார் சட்டையைப் பிடிப்பே? அதான் சொல்றேன், படிக்கிற பிள்ளைங்க அந்தப் பக்கமே போகக் கூடாது. ஆதாரம்னு போட்டிருக்கிற பக்கத்துல நீ ஒண்ணுமே எழுதலை, பாரு. எழுத என்ன இருக்கு?"

சொல்லக் கூடாது என்றுதான் கிருஷ்ணப்ரியா நினைத்தாள். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"கோவிந்தராஜ் மாமா அதுல குளிச்சிருக்காரு, மேடம்."

"யாரு?"

"பக்கத்து வீட்டு மாமா. எழுபது வயசுக்கு மேல."

மேடம் பேனாவைக் கீழே வைத்தார். "நான் கணபதி லீவுல கட்டின படித்துறையில அவர் எப்ப குளிச்சாரு?"

டப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருத்தி இதற்கு உண்மையாகவே திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். மேடத்துக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. ப்ராஜெக்ட் கோப்பை மூடிக் கிருஷ்ணப்ரியாவின் பக்கம் தள்ளினார்.

"போய் அந்த வரியை உன் கையாலயே நீக்கு. யார் வேணாலும் எழுதலாம்னா யார் வேணாலும் நீக்கலாம்தானே? நீக்கிட்டு அந்தப் பக்கத்தை ப்ரின்ட் எடுத்துட்டு வா. உன் ப்ராஜெக்ட்லயும் அடிச்சுடு. வெள்ளிக்கிழமைக்குள்ள வந்தா முத்திரை. இல்லேன்னா அடுத்த வருஷம்."

மறுநாள் காலையில் சேவியர் கடை ஷட்டரைத் தூக்கும்போதே கிருஷ்ணப்ரியா வெளியில் நின்றாள்.

விஷயத்தைக் கேட்டதும் சேவியருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "டீச்சரே போட்டாங்களா? மஸ்த்! அப்ப தப்பு நெட்டு மேலயா, டீச்சர் மேலயா?"

"தெரியலைண்ணே."

"புத்தகத்துல தப்பு இருந்தா என்ன பண்ணுவே? பேனாவால திருத்தினா லைப்ரரிக்காரன் ஃபைன் போடுவான். இங்க பாரு, மேல 'திருத்து'ன்னு இருக்கு பாரு, அதை அழுத்து. தட்ஸ் ஆல்."

அழுத்தினாள். பக்கத்தின் உள்ளுறுப்பெல்லாம் திறந்துகொண்டது போல் எழுத்தாகக் கொட்டியது. யாரோ வீட்டு பீரோவைத் திறந்துவிட்ட மாதிரி அவளுக்கு இருந்தது. படித்துறை வரியைத் தேடிப் பிடித்து அழித்தாள். சேமித்தாள். அவ்வளவுதான். படித்துறை இல்லை. கோடா காட் இல்லை. அந்தப் பக்கத்தை ப்ரின்ட் எடுத்துக் கையில் வைத்துக்கொண்டபோது, ஏனோ கோவிந்தராஜ் மாமா தலையைத் துவட்டிக்கொண்டு கரையேறுவது போல் ஒரு நினைப்பு வந்தது. குளித்துக்கொண்டிருந்தவரின் காலடியிலிருந்து கல்லை உருவிவிட்டோமோ?

இன்னொரு தடவை பார்த்துவிட்டுப் போகலாம் என்று பக்கத்தைத் திறந்தாள். வரி அங்கேயே இருந்தது.

"அண்ணே, போகலை."

சேவியர் வந்து பார்த்தார். "போச்சு. போய்த் திரும்பி வந்துருக்கு. யாரோ போட்டுட்டான். இங்க பாரு ஹிஸ்டரியில." ஏதோ ஒரு புனைபெயர். அதற்குப் பக்கத்தில், காரணம் சொல்லாமல் நீக்கப்பட்டதை மீண்டும் சேர்த்ததாக ஒரு குறிப்பு. "லண்டனோ கனடாவோ, ஊர் பேரே கேள்விப்பட்டிருக்க மாட்டான். ஆனா காவலுக்கு உட்கார்ந்திருக்கான்."

திரையின் மேல் பகுதியில் மஞ்சள் பட்டை ஒன்று புதிதாக முளைத்திருந்தது. உங்களுக்குச் செய்தி வந்திருக்கிறது என்றது. திறந்தால், கட்டுரைகளிலிருந்து உள்ளடக்கத்தை அழிக்க வேண்டாம், அது நாசவேலையாகக் கருதப்படும் என்று மரியாதையாக எழுதியிருந்தது.

"போலீஸ் வருமாண்ணே?"

"சீ, பைத்தியம். இது உனக்கு வந்தது இல்ல. இந்தக் கம்ப்யூட்டருக்கு வந்தது."

"அப்ப உங்களுக்கா?"

சேவியர் மறுபடியும் ஒரு தடவை படித்தார். இந்த முறை சிரிக்கவில்லை. "ப்ரியா, இன்னிக்கு இது போதும், என்ன?" என்று சொல்லி அந்தக் கணினியை அணைத்துவிட்டார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. பொய்யை எழுதிய மேடத்தை யாரும் கேட்கவில்லை. பொய்யை அழித்த தனக்கு நாசக்காரி என்று பெயர். ஆனால் அது பொய்தானா? கையில் இரண்டு காகிதங்கள் இருந்தன. ஒன்றில் படித்துறை இல்லை, சேவியர் கணினியை அணைக்குமுன் எடுத்த இன்னொன்றில் இருந்தது. இல்லாததை மட்டும் கொண்டுபோய்க் கொடுத்தால் முத்திரை விழுந்துவிடும். மேடம் என்ன, போய்ப் பார்க்கவா போகிறார்? ஆனால் கணினியில் இருக்கிற படித்துறையை இல்லை என்று காட்டினால் அது யாருடைய பொய்? மேடம் எழுதியதைவிட அது சின்னதா, பெரியதா?

கோவிந்தராஜ் வாசலில் கட்டில் போட்டு வெயில் காய்ந்துகொண்டிருந்தார். நேராக அவர் முன்னால் போய் நின்றாள்.

"மாமா, உண்மையைச் சொல்லுங்க. அந்தப் படித்துறை நிஜமா இருந்துச்சா?"

"என்ன புள்ள இப்படிக் கேக்குற?"

"எங்க டீச்சர் அதைத் தானே கற்பனை பண்ணினேங்குறாங்க."

"உங்க டீச்சருக்கு எந்த ஊரு?"

"சதாசிவ் பேட், டவுனுக்குள்ள."

"அங்க இருந்துக்கிட்டு போபோடியைப் பத்தி அவங்க என்னத்தக் கண்டாங்க? எங்க சித்தப்பா அங்கதான் பட்டாளத்துக் குதிரைக்குத் தண்ணி காட்டுவாரு. அவரு மடியில உட்காந்து நான் பாத்திருக்கேன்."

"முந்தி, குதிரை போனதுக்கப்புறம்னு சொன்னீங்களே மாமா?"

கோவிந்தராஜ் ஒரு கணம் யோசித்தார். "அது குளிச்சது. இது பாத்தது." பிறகு அவர் முகம் வாடியது. "பள்ளிக்கூடத்துல நான் பொய் சொல்றேன்னாங்களா?"

"இல்ல மாமா, இல்ல."

"எனக்கு என்ன வேண்டிக்கெடக்கு பொய் சொல்ல? நீ படிக்கிறியேன்னு சொன்னேன்."

உள்ளே போனதும் விசாலம், "அவருகிட்டக் கேட்டா ஆத்துல கப்பல் வந்துச்சும்பாருடி. அவரை நம்பி எழுதினியா?" என்றாள். சோற்றைக் கிண்டியபடி சற்றுப் பொறுத்து, "ஆனா கறுப்புக் கல்லு ஏதோ இருந்துச்சு. நான் கல்யாணமாகி வந்த புதுசுல அதுலதான் துவைப்போம்" என்றும் சொன்னாள்.

"எத்தனை கல்லும்மா? படி மாதிரியா?"

"யாரு பாத்தா? துணி வெளுத்தா சரி."

வெள்ளிக்கிழமை கிருஷ்ணப்ரியா இரண்டு காகிதங்களையும் எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போனாள். எதைக் கொடுப்பது என்று வாசல்வரை முடிவு செய்யவில்லை. மேடத்தின் மேசைக்கு முன்னால் நின்றதும் கை இரண்டையும் சேர்த்தே நீட்டிவிட்டது.

"இது என்ன? ஒண்ணுல இருக்கு, ஒண்ணுல இல்லை."

"நீக்கினேன், மேடம். திரும்பி வந்துருச்சு."

"திரும்பி எப்படி வரும்?"

மேடம் எழுந்து கம்ப்யூட்டர் அறைக்கு நடந்தார். "வா. எப்படி நீக்கணும்னு நான் காட்டுறேன்."

அறையில் யாரும் இல்லை. மேடம் கோர்ஸில் கற்றுக்கொடுத்தபடி நிமிர்ந்து உட்கார்ந்து, வரியை அழித்து, காரணம் எழுதுகிற இடத்தில் ஆங்கிலத்தில், 'இது தவறு, இதை எழுதியது நானே' என்று தட்டினார். சேமித்தார். "பாத்தியா?" என்றார்.

பார்த்தாள். மேடம் அதற்குள் தண்ணீர் குடித்துவிட்டு வந்து பக்கத்தைப் புதுப்பித்தார். வரி திரும்பி வந்திருந்தது. இந்த முறை வரியின் கடைசியில் சின்னதாக ஒரு எண்ணும் சேர்ந்திருந்தது. ஆதாரம் இருப்பதாகக் குறிப்பு சொன்னது.

"ஆதாரமா? எதுக்கு ஆதாரம்?" மேடத்தின் குரல் உயர்ந்தது. எண்ணை அழுத்தினார். ஏதோ ஒரு சுற்றுலா வலைத்தளம் திறந்தது. பூனாவின் மறந்துபோன படித்துறைகள் என்று தலைப்பு. போபோடியின் கோடா காட்டில் மாலை நேரத்தில் உட்கார்ந்தால் குதிரைக் குளம்பின் ஓசை இன்னும் கேட்பது போல் இருக்குமாம்.

"அரே தேவா, இது என் வரியைப் பார்த்து எழுதினது!" என்றார் மேடம். "நான் எழுதினேன், அவன் என்னைப் பார்த்து எழுதினான், இப்ப அவனை எனக்கே ஆதாரமா காட்டுறானுங்க."

மேடம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, கிருஷ்ணப்ரியாவிடம் இல்லை, தனக்குத்தானே சொல்வது போல், "கோடா காட்ங்கிற பேரு எனக்கு எப்படித் தோணுச்சு?" என்றார். "என் மாமனார் பழைய கட்கியைப் பத்தி ஏதாவது சொல்லிக்கிட்டே இருப்பார். நான் காது கொடுத்துக் கேட்டதில்லை. அவர் சொன்னதுதான் எங்கேயோ…" வாக்கியத்தை முடிக்காமல் திரும்பினார். "உங்க மாமா என்ன சொன்னாரு? நிஜமா குளிச்சேன்னாரா?"

"ஆமா மேடம். சித்தப்பா குதிரைக்குத் தண்ணி காட்டினாருன்னும் சொன்னாரு."

"கல்லு?"

"எங்கம்மா கறுப்புக் கல்லுல துவைச்சிருக்காங்க. நான் பார்த்தப்ப ஒரு கல்லு இருந்துச்சு."

"ஒரு கல்லு படித்துறை ஆகுமா?"

"தெரியலை, மேடம்."

தாழ்வாரத்தில் ஹெட்மிஸ்ட்ரஸின் குரல் கேட்டது. மேடம் சட்டென்று பக்கத்தை மூடினார். எழுந்தபோது பழைய சித்னிஸ் மேடமாகிவிட்டிருந்தார், ஆனால் குரல் மட்டும் தாழ்ந்திருந்தது. "ப்ராஜெக்ட்ல அந்த வரியை அடிச்சுட்டுக் கொண்டா. ஆதாரம் பக்கத்தையும் காலியா விடாதே, ஏதாவது எழுது. முத்திரை குத்துறேன். இந்தப் பேச்சை வெளியில எடுக்காதே."

ஆசிரியர் அறைக்கு வெளியே ஒரு பெஞ்சு. கிருஷ்ணப்ரியா கோப்பை மடியில் விரித்து வைத்து, பேனாவைத் திறந்து, அந்த வரியின் மேல் வைத்தாள். ஒரு கோடு போட்டால் போதும். மார்ச்சில் பரீட்சை எழுதலாம். அப்பா ஃபேக்டரியில் எல்லோரிடமும் சொல்லுவார்.

பேனா நகரவில்லை. அடித்தால் கோவிந்தராஜ் மாமா பொய்க்காரர். அடிக்காவிட்டால் மேடத்தின் பொய் தன்னுடையது. இது இரண்டும் இல்லாமல், உண்மையிலேயே படித்துறை இருந்து, மேடம் அறியாமல் ஓர் உண்மையைப் பொய்யென்று நினைத்து எழுதியிருந்தால்? அப்போது அடிக்கிறவள்தான் பொய்க்காரி. யோசிக்க யோசிக்கத் தலை சுற்றியது. எது உண்மை என்று கண்டுபிடிப்பது தன் வேலை இல்லை, தன்னால் முடியவும் முடியாது என்பது மட்டும்தான் தெளிவாக இருந்தது. மேடம் கேட்டது வேறு. யார் சட்டையைப் பிடிக்கலாம் என்று மேடம் கேட்டார். அதற்குத் தன்னிடம் பதில் இருக்கிறதே என்று அவளுக்குத் தோன்றியது.

வரியை அப்படியே விட்டுவிட்டு, கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள். 'ஆதாரங்கள்' என்ற தலைப்புக்குக் கீழே, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், கோணாமல் எழுதினாள்.

கோடா காட் படித்துறை. எழுதியவர்: திருமதி சித்னிஸ். குளித்தவர்: திரு கோவிந்தராஜ், போபோடி. பார்க்காதவர்: கிருஷ்ணப்ரியா.

உள்ளே போய்க் கொடுத்தாள். மேடம் பக்கங்களைப் புரட்டினார். படித்துறை வரி அடிபடாமல் இருப்பதைப் பார்த்து நிமிர்ந்தார். கடைசிப் பக்கத்துக்குப் போனார். படித்தார். மூக்கின் மேல் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு மறுபடியும் படித்தார். காது மடல் மெல்லச் சிவந்தது.

"கிண்டலா?"

"இல்ல மேடம்." இம்முறை குரல் கொஞ்சம் தெளிவாகவே வந்தது. "நீங்க எழுதினவங்க பேரு வேணும்னீங்க."

மேடம் பக்கத்து மேசையை ஓரக்கண்ணால் பார்த்தார். அங்கே டப்பாக்காரி டீச்சர் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். மேடம் மை அட்டையைத் திறந்து, முத்திரையை ஒற்றி, ஒரே குத்தாகக் குத்தினார். ஊதா முத்திரை ஆதாரப் பக்கத்தில் 'திருமதி சித்னிஸ்' என்ற எழுத்துகளின் மேலேயே விழுந்து, பெயர் பாதிக்கு மேல் மறைந்துபோனது. அதன் மேலேயே கையெழுத்தும் போட்டார். வேண்டுமென்றே அங்கே குத்தினாரா, கை தவறியதா, கோபமா, சிரிப்பை அடக்கினாரா, கிருஷ்ணப்ரியாவுக்குப் புரியவில்லை. மேடத்தின் உதட்டோரம் ஏதோ துடித்தது.

"ஹால் டிக்கெட் பிப்ரவரியில வரும். போ. அடுத்தது யாரு?"

ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் தாபோடியிலிருந்து வந்திருந்த மும்தாஜ் என்ற பெண் உள்ளே வந்து தன் கோப்பைத் திறந்து வைத்தாள். அவளும் ஸத்ரா நம்பர், அவளும் ஆற்றைப் பற்றித்தான் எழுதியிருந்தாள். கதவருகே போய்விட்ட கிருஷ்ணப்ரியா திரும்பிப் பார்த்தாள். விரிந்த பக்கத்தில் பளபளவென்று ஒரு கலர் படம் ஒட்டியிருந்தது. தண்ணீருக்குள் இறங்குகிற கருங்கல் படிகள். முழங்கால் அளவு நீரில் இரண்டு குதிரைகள். ஓரத்தில் பச்சையாக ஆகாயத்தாமரை. எந்த ஊர்ப் படமோ தெரியாது. ஆனால் அந்தத் தண்ணீரின் நிறம் அவளுடைய வீட்டுக்குப் பின்னால் ஓடும் தண்ணீரின் நிறமாகவே இருந்தது.

மேடம் சிவப்புப் பேனாவைக் கையில் எடுத்தார். மூடியைக் கழற்றினார். படத்தைப் பார்த்தார். பிறகு தலையை உயர்த்திக் கதவருகே நின்றவளைப் பார்த்தார்.

"நீ இன்னும் போகலையா?"